கணிப்பொறிச் செயலிகளின் பெயர் வரலாறு

ஒரு பொருளுக்குப் பெயரிடுதல் எளிய செயலென்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். குழந்தைக்குப் பெயரிடுவதற்குப் பாட்டன் பாட்டியர் பெயரும் குலதெய்வத்தின் பெயரும் உதவுகின்றன. விற்பனைப் பண்டத்திற்குப் பெயரிடுதலோ அத்தகையதன்று. அப்பெயர் பிறர் எடுத்துக்கொள்ளலாகாததாயும், கேட்டார் மறவாததாயும், வழக்கு நேருங்கால் நியாயஸ்தலத்தில் நிலைபெறுவதாயும் இருத்தல் வேண்டும். 1893 ஆம் ஆண்டிலே காசிநாதுனி நாகேசுவர ராவ் பந்துலு அவர்கள் பம்பாயில் ஒரு வலிதீர் தைலத்தை விற்கப் புகுந்தபொழுது, அதனைத் ‘தலைவலித் தைலம்’ என்று வாளா அழைத்தாரல்லர். அமிர்தம், அஞ்சனம் என்னும் பழஞ்சொற்கள் இரண்டினை இணைத்து, அதுகாறும் எவரும் கேட்டிராத ‘அமிர்தாஞ்சனம்’ என்னும் ஒரு புதுச்சொல்லைப் படைத்தார். பின்னர் நெடுங்காலம் மயிலாப்பூர் லஸ் பகுதியைத் தன் இருப்பிடமாகக் கொண்ட அக் கம்பெனியின் செல்வத்தில் ஒரு பெரும்பகுதி அப்புதுச்சொல்லே எனின் மிகையாகாது. இதற்கு மாறாகத் தியாகராய நகரத்துக் கடைத்தெருக்களை நோக்குக. ஆங்கே ‘சரவணா’ என்னும் பெயருடைய கடைகள் ஒருவருக்கு மேற்பட்டோருடையனவாய் விளங்குகின்றன. முருகப்பெருமானின் பெயர் யாவருக்கும் உரியதாகலின், வேறு அடைமொழிகளைச் சேர்த்தே ஒரு கடையை மற்றொன்றினின்றும் வேறுபடுத்த வேண்டியிருக்கின்றது.

படைத்துக்கொண்ட பெயருக்கும் பொதுவான பெயருக்கும் உள்ள இவ் வேறுபாட்டை நேயர்கள் மனத்திற் கொள்வாராக. கணிப்பொறியின் செயலிகளுக்குப் பெயர் வாய்த்த வரலாறு இவ்வேறுபாட்டினின்றே பிறந்தது. அவ்வரலாற்றின் புதியதோர் அத்தியாயம் அடையாற்றுக்கு அணித்தாகிய கிண்டி வனத்திலே, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், எழுதப்பெற்று வருகின்றமையால் அதனை அறிந்துகொள்ளுதல் இந்நகர மாணாக்கர்க்குத் தகுதியாம்.

செயலி என்பது கணிப்பொறியின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பொருளுணர்ந்து, நிறைவேற்றும் உறுப்பு. முற்காலத்தில் அஃது ஒரு பெரிய அலமாரியளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. 1973 ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியின் உதவியால் மேற்கூறிய கழகத்தில் நிறுவப்பெற்ற ஐ.பி.எம். 370 என்னும் பெருங்கணிப்பொறி அவ்வகையைச் சார்ந்தது. அவ்வியந்திரத்தின் பெயரும் ஓர் எண்ணே என்பதைக் காண்க. பொறியியலார்க்கு எண்ணே இயல்பான பெயர். பட்டியலிற் குறித்தற்கும் கிடங்கிற் தேடுதற்கும் அதனினும் வசதியானது வேறில்லை.

செயலி முழுவதையும் நகத்தளவினதாகிய ஒரு சிலிக்கன் சில்லில் அடக்கி விற்பனைக்குக் கொணர்ந்த முதற் சில்லு அமெரிக்க நாட்டு இன்டெல் கம்பெனியினது. 1971 ஆம் ஆண்டு நவம்பரில் அது வெளிவந்தது. புசிகாம் என்னும் ஜப்பானியக் கம்பெனியின் கணக்கிடும் கருவிக்காக முதற்கண் அமைக்கப்பெற்ற அதன்கண் ஏறக்குறைய 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அதன் பெயர் 4004. இஃது எங்ஙனம் வந்தது எனின், அக்கருவிக்கு நான்கு வகைச் சில்லுகள் வேண்டியிருந்தன. படிக்க மட்டும் பயன்படும் நினைவகம் 4001, எழுதிப் படிக்கும் நினைவகம் 4002, இடம்பெயர்க்கும் பதிவகம் 4003, செயலி 4004. உலகத்தின் போக்கையே மாற்றவிருந்த சில்லுக்குப் பட்டியலில் நான்காவது இடமே கிடைத்தது. அதற்கு விழா எடுத்துப் பெயர் சூட்டியவர் எவருமிலர். ஆயினும் அதனை வரைந்தவருள் ஒருவராகிய பெடரிக்கோ பாஜின் என்னும் இத்தாலியர், ஓவியர் தம் படத்தின் மூலையிற் கையொப்பமிடுமாறு போல, தம் பெயரின் முதலெழுத்துக்களைச் சில்லின் ஓரத்தே பொறித்துவைத்தார். அப் பொறிப்புத்தான் செயலியின்மேல் ஏறிய முதற் பெயர் என்று சொல்லத் தோன்றுகின்றது.

பின்வந்தனவும் எண்களே. 1972 இல் 8008, 1974 இல் 8080, 1978 இல் 8086, 1979 இல் 8088 என்பன தோன்றின. பிற கம்பெனிகளும் இந்நெறியையே கைக்கொண்டன. மோட்டரோலாவினது 6800. அதனின்றும் நீங்கிச் சென்ற பொறியியலார் வேறிடத்தில் ஆக்கியது 6502. இன்டெலினின்றும் நீங்கிய பாஜின் தாம் நிறுவிய சைலாக் கம்பெனியில் 1976 இல் இசட்-80 என்பதை ஆக்கினார். அது 8080 இன் கட்டளைகளை அப்படியே ஏற்று நடக்க வல்லது. பழைய எண்ணின் சாயல் புதிய பெயரில் விளங்கினால் வாங்குவோர்க்கு உறவு விளங்கும் என்னும் தந்திரம் அப்பொழுதே தொடங்கிவிட்டது.

இவ்வெண்கள் கம்பெனிகளின் எல்லையைக் கடந்து பொதுமக்கள் நாவில் ஏறியது 1981 ஆம் ஆண்டுக்குப் பின்னரே. அவ்வாண்டு ஆகஸ்டில் ஐ.பி.எம். கம்பெனி தன் தனியாட் கணிப்பொறியை 8088 கொண்டு வெளியிட்டது. 1982 இல் 80286, 1985 இல் 80386, 1989 இல் 80486 என இன்டெல் தொடர்ந்தது. முதலிரண்டு இலக்கங்களை விட்டு ‘286’, ‘386’, ‘486’ என்றே யாவரும் வழங்கினர். கணிப்பொறி வாங்கச் செல்பவர், “386 இருக்கின்றதா?” என்று வினவுவாரேயன்றி அதனை ஆக்கிய கம்பெனியின் பெயரைச் சொல்வாரல்லர். எங்ஙனமெனின், மயிலாப்பூர் வழியே பெசன்ட் நகர் செல்லும் பேருந்தை நம்மவர் 29சி என்று மட்டுமே வழங்குதல் போலவாம். அவ்வெண் அவர்க்கு ஒரு வழியைக் குறிக்கின்றதே ஒழிய, வண்டி யாருடையது என்பதைக் குறிக்கவில்லை.

இங்கேதான் இடர்ப்பாடு விளைந்தது. ஐ.பி.எம். போன்ற பெருவாங்குவோர், ஒரே கம்பெனியை நம்பியிருத்தல் ஆகாதென்றும், அதே சில்லை வேறொருவரும் ஆக்கித் தர ஏற்பாடு வேண்டுமென்றும் வற்புறுத்துதல் வழக்கம். அது காரணமாக இன்டெலும் ஏ.எம்.டி. கம்பெனியும் 1982 இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஏ.எம்.டி.யும் 286 சில்லுகளை ஆக்கிற்று. 386 வந்தபொழுது இன்டெல் அதனைப் பங்கிட மறுத்தது. ஏ.எம்.டி. தன் முயற்சியால் ஒத்த சில்லொன்றை அமைத்து, அதனை 386 என்னும் எண்ணாலேயே விற்கத் துணிந்தது. இன்டெல் வழக்குத் தொடுத்தது. 1991 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கலிபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நியாயஸ்தலம் அவ்வழக்கில் இன்டெலுக்கு மாறாகத் தீர்ப்பளித்தது. 386 என்பது இன்னாருடைய பண்டம் எனக் குறிக்கும் அடையாளமாக நில்லாது, இன்ன வகைச் சில்லு எனக் குறிக்கும் பொதுப்பெயராகிவிட்டது; ஆதலின் அது தனியொருவர் உடைமையாகாது என்பதே தீர்ப்பின் கருத்து.

இத்தீர்ப்பு நியாயமன்று எனச் சிலர் கூறுவர். அவ்வெண்ணுக்குப் பெருமை தேடித் தந்தது இன்டெலே அன்றோ என்பது அவர் வாதம். அது மெய்யே. ஆயினும் சில ஆண்டுகளாக ஒரு வரிசையெண்ணாகவே அதனை வழங்கி, விளம்பரத்திலும் அவ்வாறே பயில விட்டுவிட்டு, பின்னர் அது பெயர் எனச் சாதிப்பது எங்ஙனம் கூடும்? தன் வீட்டுக் கதவெண்ணைத் தன் குடும்பப் பெயரென்று ஒருவர் உரிமை கொண்டாடினால் தெருவார் நகைப்பர்.

தீர்ப்பின் பயன் விரைந்து வெளிப்பட்டது. அடுத்த சில்லு 586 என்றே வருமென உலகம் எதிர்நோக்கியிருந்தது. இன்டெலோ லெக்சிகன் என்னும் பெயர்படைக்கும் நிறுவனத்தை நாடிற்று. பெயர் படைத்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் மேலைநாட்டில் உள்ளன என்பது நம் பெரியோர் சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். நம் நாட்டில் அப்பணியைச் சோதிடர் செய்துவருகின்றனர். 1992 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பெயர் ‘பென்டியம்’. கிரேக்க மொழியில் ஐந்து என்னும் பொருள்தரும் ‘பென்டா’ என்பதனோடு, சோடியம், ரேடியம் முதலிய தனிமங்களின் ஈற்றிலே நிற்கும் ‘இயம்’ என்னும் விகுதியைப் புணர்த்தி அதனை ஆக்கினர். 586 இன் ஐந்து அதனுள் மறைந்து நிற்கின்றது. பொருளற்ற வெற்றொலியன்று, பொருள் வெளிப்பட்ட பொதுச்சொல்லுமன்று. அமிர்தாஞ்சனத்தின் இலக்கணம் இதற்கும் பொருந்துதல் காண்க. 1993 மார்ச்சு 22 இல் 31 இலட்சம் டிரான்சிஸ்டர்களோடு அது விற்பனைக்கு வந்தது. அதனை ஆக்கிய குழுவை நடத்தியவருள் புனேயிற் பிறந்த வினோத் தாம் என்பவர் முதன்மையானவர்; ‘பென்டியத்தின் தந்தை’ எனப் பத்திரிகைகள் அவரை வழங்கின.

பெயரைப் படைத்தல் ஒரு பாதி. அதனை மக்கள் காதில் ஏற்றுதல் மறு பாதி. செயலி என்பது பெட்டிக்குள்ளே கிடக்கும் பண்டம். வாங்குபவர் அதனைக் கண்ணாற் காண்பதில்லை. தையற்காரர் உள்ளே வைத்துத் தைக்கும் கஞ்சித் துணியின் பெயரை எவர் கேட்கின்றார்? இன்டெல் 1991 இலேயே இதற்கு வழி கண்டது. கணிப்பொறி விற்கும் கம்பெனிகள் தம் விளம்பரத்திலும் பெட்டியின் முகப்பிலும் ‘உள்ளே இன்டெல்’ என்னும் பொருள்பட்ட முத்திரையைப் பதித்தால், அவ்விளம்பரச் செலவில் ஒரு பங்கைத் தான் ஏற்பதாக அறிவித்தது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலித்த ஐந்து சுரமுடைய சிறு இசைத்துணுக்கு 1994 இல் அதனோடு சேர்ந்தது. சென்னையில் மவுண்ட் ரோட்டையடுத்த ரிச்சி தெருவில் உதிரியுறுப்புக்களை வாங்கிக் கணிப்பொறி கட்டிக்கொண்டவர்கள்கூட, ‘பென்டியம் பெட்டி’ என்றே அதனைப் பெருமையோடு கூறிக்கொண்ட காலம் ஒன்றிருந்தது.

பெயரின் புகழ் இருபுறமும் கூருடைய வாள். அமெரிக்காவிலே வர்ஜீனியா நாட்டில் அக்காலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரி என்னும் பெயருடன் ஒரு சிறு கல்லூரி இருந்தது. நம் மிஷன் கல்லூரிகளைப் போலவே கிறிஸ்தவத் திருச்சபையொன்றின் சார்பில் 1903 இல் தோன்றியது அது. அங்கே கணித ஆசிரியராயிருந்த தாமஸ் நைஸ்லி என்பார், இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டும் ஓர் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். 1994 இல் தம் கணக்கில் ஒரு பிழையைக் கண்டு, பிழை தம்முடையதோ என்று மாதக்கணக்காக ஒவ்வொன்றையும் சோதித்து, முடிவில் அது பென்டியம் செயலியின் வகுத்தற் பகுதியில் உள்ளதெனத் துணிந்தார். சில குறிப்பிட்ட எண்களை வகுக்குங்கால் ஈவின் பின்னிலக்கங்கள் பிறழ்ந்தன. சாதாரணமாகப் பயன்படுத்துவோர் 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையே இப்பிழையைச் சந்திப்பர் என்று இன்டெல் சமாதானம் கூறிற்று. அச்சமாதானத்தைக் கணிதமாக நோக்கினால் பெரிதும் தவறில்லை. ஆனால் மக்கள் அதனை ஏற்றிலர். பெயரில்லாத எண்ணாய் இருந்திருப்பின் பொறியியலார்க்குள்ளேயே பேசித் தீர்க்கப்பட்டிருக்கும் ஒரு செய்தி, வீட்டுப் பெயர் ஆகிவிட்ட காரணத்தால் வீடுதோறும் நகைப்புக்கு இடமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில், கேட்பார் யாவர்க்கும் சில்லை மாற்றித் தருவதாக இன்டெல் உடன்பட்டது. அதன் பொருட்டு ஏற்ற நட்டம் 47 கோடியே 50 இலட்சம் டாலர்.

இதன்பின் வந்த பெயர்கள் மிகப்பல; அவையனைத்தையும் ஈண்டு அடுக்குதல் வேண்டா. ஏ.எம்.டி. கே5, கே6 என எழுத்தும் எண்ணுமாய்ச் சிலகாலம் நடந்து, 1999 இல் ‘அத்லான்’ என்னும் கிரேக்கச் சாயற் பெயரை மேற்கொண்டது. 2001 இல் அது செய்த ஒரு சூழ்ச்சி குறிக்கத்தக்கது. ‘அத்லான் எக்ஸ்பி 1800+’ என்னும் சில்லு உண்மையில் 1533 மெகாஹெர்ட்சு வேகத்தில் ஓடுவது. 1800 என்பது வேகமன்று, திறனின் ஒப்பளவு என்று அக்கம்பெனி கூறிற்று. வேகத்தை மட்டும் கொண்டு திறனை அளத்தல் தவறென்பது உண்மையே; ஆயினும் வேகமென்று மயங்குமாறு ஓர் எண்ணைப் பெயரில் வைத்தல் அவ்வுண்மையை விளக்குதற்கு ஏற்ற வழியன்று என்பது எம் கருத்து. இன்டெல் மலிவான சில்லுகளுக்குச் செலரான் என்றும் பெருங்கணிப்பொறிகளுக்குரியவற்றிற்குச் சியான் என்றும் 1998 இல் பெயரிட்டுச் சில்லுகளிடையே சாதி வகுத்தது. 2006 இல் ‘கோர்’ என்னும் பெயர் முன்னே வர, ஒருகாலத்தில் முடிசூடியிருந்த பென்டியம் மலிவுச் சரக்கின் பெயராய்த் தாழ்ந்தது. 2023 ஆம் ஆண்டின் மடிக்கணினிகளில் பென்டியமும் செலரானும் நீங்க, ‘இன்டெல் செயலி’ என்னும் பொதுப்பெயரே அவ்விடத்தில் அமர்ந்தது. எண்ணினின்றும் பெயருக்கு ஓடியவர்கள் முப்பது ஆண்டிற்குப் பின் சாதிப்பெயருக்கே திரும்பிய விந்தை இது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பெயருரிமை பற்றிய நம் சட்டம் 1940 இல் தோன்றி, 1958 இலும் 1999 இலும் புதுக்கப்பட்டது. 1999 ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தையும் எண்ணையும் ‘குறி’ என்பதனுள் அடக்குகின்றது. ஆதலின் எண்ணென்னும் ஒரே காரணத்தால் ஒரு பெயர் தள்ளப்படாது. டாட்டா கம்பெனியார் விற்ற 501 என்னும் துணிச்சோப்பை நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கறிவர். ஆயினும் வேறுபடுத்தும் ஆற்றல் இல்லாத குறியும், பண்டத்தின் வகையையோ குணத்தையோ மட்டும் சொல்லும் குறியும் பதிவு செய்யத் தகாதன என்று அச்சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு கூறுகின்றது. 2015 ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நியாயஸ்தலம் ஊதுவத்திக்கு ‘இராமாயணம்’ என்னும் பெயரை ஒருவர் தனியுடைமையாகப் பெறுதல் கூடாதெனத் தீர்ப்பளித்தது. யாவரும் போற்றும் நூலின் பெயரை ஒருவர் தம் பண்டத்திற்கு வேலியாக்கிக்கொள்ளலாகாது என்பது கருத்து. தென்னாட்டார் இத்தகைய பதிவுகளுக்கு விண்ணப்பம் செய்யும் பதிவகம், மேற்கூறிய கழகத்தினின்றும் நெடுந்தொலைவில் இல்லாத கிண்டியிலேயே உள்ளது.

நம் நாட்டார் கணிப்பொறிகளுக்கு இந்தியப் பெயரிடத் தொடங்கியது செயலியை ஆக்குதற்கு முன்னரே ஆகும். புனேயில் ஸி-டாக் நிறுவனம் 1991 இல் வெளியிட்ட மீத்திறன் கணிப்பொறிக்குப் ‘பரம்’ என்று பெயர். பெயர் வடமொழி, உள்ளே இருந்த செயலிகளோ ஆங்கில நாட்டு இன்மாஸ் கம்பெனியின் டிரான்ஸ்பியூட்டர்கள். மேலாடை நம்முடையது, உயிர் அயலாருடையது என்னும் இந்நிலை பல்லாண்டு நீடித்தது.

இதனை மாற்ற முயன்றவருள் முன்னின்றவர் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் வீ. காமகோடி அவர்களும் அவர்தம் ‘ரைஸ்’ ஆய்வுக்குழுவினரும் ஆவர். 2014 இல் தொடங்கிய அம்முயற்சிக்குச் ‘சக்தி’ என்று பெயரிட்டனர். கட்டளைத் தொகுதியைத் தாமே புதிதாக வகுத்தலும், பெருங்கம்பெனிகளுக்குக் கட்டணம் செலுத்தி வாங்கலும் ஆகிய இரண்டையும் விடுத்து, அமெரிக்கப் பர்க்லி சர்வகலாசாலையில் 2010 இல் தோன்றி யாவர்க்கும் இலவசமாக விடப்பட்ட ‘ரிஸ்க்-ஃபைவ்’ என்னும் தொகுதியை அவர்கள் கைக்கொண்டனர். அப்பெயரின் ஈற்றிலுள்ளது உரோமானிய எண்ணாகிய ஐந்து. பர்க்லியில் அவ்வகையாக வகுக்கப்பெற்றவற்றுள் ஐந்தாவது என்பது பொருள். பென்டியத்தின் உள்ளே ஒளிந்திருந்ததும் ஐந்தே. இதன் வாலில் வெளிப்படையாக நிற்பதும் ஐந்தே. தற்செயலான ஒற்றுமைதான், ஆயினும் சுவையுடையது.

சக்தி என்பது ஒரு சில்லின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்து உறுப்பினர் ‘ஈ’ வகுப்பு, ‘ஸி’ வகுப்பு, ‘ஐ’ வகுப்பு என ஆங்கில எழுத்துக்களாற் குறிக்கப்படுகின்றனர். சிறு கருவிகளுக்கு முதலாவது. நடுத்தர வேலைகளுக்கு இரண்டாவது. வலிய கணிப்பொறிகளுக்கு மூன்றாவது. பல செயலிகளை ஒருங்கிணைப்பனவாக எம், எஸ், எச் என்னும் வகுப்புக்களும் திட்டத்தில் உள்ளன. இவை பொறியியலார் சூட்டிய பெயர்கள் என்பது பார்த்த அளவிலே விளங்கும்.

உண்மையாகச் சிலிக்கனில் வார்க்கப்பட்ட சில்லுகளுக்கோ தனிப்பெயர்கள் அமைந்தன. 2018 இல் ‘ரைஸ்கிரீக்’ என்னும் சில்லு உருவாயிற்று. ஆய்வுக்குழுவின் பெயர் அதன் முதலில் நிற்கின்றது. பிற்பகுதி சிற்றோடை என்னும் பொருளது. அதனை வார்த்துக் கொடுத்தது, பென்டியத்தை உலகிற்கு அளித்த அதே இன்டெல் கம்பெனியின் 22 நானோமீட்டர் தொழிற்சாலை. அவ்வாண்டிலேயே சண்டிகர் குறைக்கடத்தி ஆய்வுக்கூடத்தில், நம் நாட்டு மண்ணிலேயே, 180 நானோமீட்டர் முறையில் ‘ரிமோ’ வார்க்கப்பட்டது. காரகோர மலைத்தொடரில் அப்பெயருடைய பனியாறொன்று உண்டு. 2020 இல் வந்தது ‘மூஷிக்’. கடன் அட்டை, வாக்குப்பதிவு இயந்திரம், கண்காணிப்புக் கருவி முதலிய சிறு கருவிகளிற் பயன்படத்தக்கதென அறிவிக்கப்பட்ட சில்லுக்கு, பிள்ளையாரைச் சுமக்கும் சிற்றெலியின் பெயரைச் சூட்டியது நகைச்சுவையும் பொருத்தமும் உடையது. சிறியது, எங்கும் நுழைவது, பெரிய பாரத்தைச் சுமப்பது. எம்மைக் கேட்பின், இவ்வரலாற்றில் உள்ள இந்தியப் பெயர்களுள் இதுவே சிறந்தது என்போம்.

தாய்ப்பெயராகிய ‘சக்தி’யைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்லக்கூடவில்லை. பொருள் உயர்ந்தது, ஒலி இனியது. ஆனால் தமிழ்நாட்டிலே அப்பெயர் தாங்காத தொழில் எது? மசாலைப் பொடி முதல் வாகன உறுப்பு வரை அப்பெயருடன் விற்கப்படுகின்றன. சரவணாவுக்கு நேர்ந்ததே இதற்கும். எழுத்துமுறையிலும் ஒரு சிக்கல் உண்டு. கழகத்தார் ஆங்கிலத்தில் எழுதுங்கால் வடநாட்டார் போல ஷகர ஒலியை முன்வைத்து எழுதுகின்றனர். தமிழரோ பெரும்பாலும் சகரத்தை வைத்து, தகரத்திற்கு ஹகர எழுத்தையும் கூட்டி எழுதுவர். மயிலாப்பூர்ப் பையன் ஒருவன் தன் ஊரிற் பிறந்த செயலியைக் கணிப்பொறியில் தேடப் புகுந்தால், தன் வழக்கப்படி எழுதி, மிளகாய்ப் பொடியிற் போய் நிற்பான்.

பிற நிறுவனங்களின் பெயர்களும் இக்குறையினின்றும் நீங்கியனவல்ல. பம்பாய்த் தொழில்நுட்பக் கழகத்தார் 2019 இல் வெளியிட்ட செயலிக்கு ‘அஜித்’ என்று பெயர். வெல்லப்படாதவன் என்பது பொருள். சென்னையில் அப்பெயரைச் சொன்னால் திரைப்பட நடிகர் ஒருவரே நினைவுக்கு வருவார். திருவனந்தபுரத்து ஸி-டாக் நிறுவனத்தார் தம் செயலி வரிசைக்கு ‘வேகா’ என்று பெயரிட்டனர். அது ஒரு விண்மீனின் பெயர், வேகம் என்னும் நம் சொல்லையும் நினைவூட்டுவது. ஆனால் ஏ.எம்.டி. கம்பெனி 2017 இல் தன் படம்வரைவுச் சில்லுகளுக்கும் அப்பெயரையே இட்டிருக்கின்றது. அவ்வரிசையின் உறுப்பினர்க்கு வைத்த ‘தேஜஸ்’ என்னும் பெயர் நம் விமானப்படை விமானத்துக்கும் உரியது. விண்வெளி நிறுவனத்துக்காகச் சண்டிகரில் வார்க்கப்பட்ட ‘விக்ரம் 3201’ என்பதில் மட்டும் ஓர் ஒழுங்கைக் காண்கின்றோம்: முன்னது 16 பிட்டு அளவுடைய 1601, இது 32 பிட்டு அளவுடையது. எண்ணும் பெயரும் சேர்ந்து நிற்கும் அப்பெயர் பொருளையும் சொல்கின்றது, உரியவரையும் சொல்கின்றது.

பெயர் சரியாக அமைதல் வேண்டுமென்று இத்துணை வற்புறுத்துவது ஏன்? அதற்குக் காரணம் சக்தியின் உரிமப் பத்திரத்திலேயே உள்ளது. சக்தி செயலிகளின் அமைப்பு முழுவதும் ‘பி.எஸ்.டி.’ என்னும் தாராளமான உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டிருக்கின்றது. எவரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், விற்கலாம், தாம் செய்த திருத்தத்தை மறைத்துவைக்கவும் செய்யலாம். மூன்று நிபந்தனைகளே உண்டு. முதலிரண்டும் உரிமைக் குறிப்பை அழியாமல் வைக்கவேண்டுமென்பன. மூன்றாவது, ஆக்கியோர் பெயரை அவர்தம் எழுத்து மூலமான இசைவின்றித் தம் பண்டத்தின் விளம்பரத்திற்குப் பயன்படுத்தலாகாது என்பது. பொருள் முழுவதையும் வாரி வழங்கிய கொடையாளர், பெயரை மட்டும் தம் கையில் நிறுத்திக்கொண்டிருக்கின்றனர். ரிஸ்க்-ஃபைவ் தொகுதிக்கும் இதுவே நிலை. தொகுதி யாவர்க்கும் பொது, அப்பெயரோ சுவிட்சர்லாந்தில் பதிவுபெற்ற அதன் சங்கத்தின் வணிகக்குறி. 1991 இல் இன்டெல் சில்லின் அமைப்பைத் தன்னதாக வைத்துப் பெயரை இழந்தது. இவர்களோ அமைப்பை விடுத்துப் பெயரை வைத்திருக்கின்றனர். இங்ஙனம் கையில் எஞ்சியிருக்கும் ஒரே உடைமை பெயராயிருக்குங்கால், அதனைப் பொதுச்சொல்லாய் விடுதல் தகுமோ?

சக்தியை அடிப்படையாகக் கொண்டு தொழில் நடத்தப் புகுந்தவர்கள் அப்பெயரைத் தம் பண்டத்தின் முகப்பில் இடவில்லை என்பதும் கருதத்தக்கது. 2018 இல் அக்குழுவினின்றும் கிளைத்த இன்கோர் என்னும் கம்பெனியார் தம் செயலிகளுக்கு ‘அசுரைட்’, ‘கால்சைட்’ எனக் கனிமப் பெயர்களை அமைத்தனர். மைண்ட்குரோவ் என்னும் சென்னைக் கம்பெனியார் 2024 இல் அறிவித்த சில்லுக்கு, பாதுகாப்பான இணையக் கருவிச்சில்லு என்று பொருள்படும் வெறும் விளக்கச்சொற்களே பெயராய் நின்றன. தலைவலித் தைலம் என்று எழுதிவைத்தல் போன்றது அது. வாங்குபவர் பொறியியலாரேயாயின் இதனாற் குறையொன்றுமில்லை. பொதுமக்களிடம் செல்லும் நாளில் வேறு பெயர் தேட நேரும்.

2025 பிப்ரவரியில் சென்னைக் கழகத்தாரும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தாரும் கூடி விண்கலங்களுக்கென ஒரு கட்டுப்பாட்டுச் சில்லை வெற்றியுடன் இயக்கிக் காட்டினர். சண்டிகரில் வார்க்கப்பட்டு, கர்நாடகத்தில் உறையிடப்பட்டு, குஜராத்தில் செய்த பலகையில் பொருத்தப்பட்டு, சென்னையில் இயங்கிற்று அது. அதன் பெயர் ‘ஐரிஸ்’. கண்ணின் கருவிழியைச் சூழ்ந்த திரைக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். விண்வெளிப் பயன்பாட்டுக்குரிய உள்நாட்டு ரிஸ்க்-ஃபைவ் கட்டுப்படுத்தி என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களைக் கோத்து அப்பெயரை அமைத்தனர். அத்தொடரிலே ரிஸ்க்-ஃபைவ் இருக்கின்றது, உள்நாடு இருக்கின்றது, விண்வெளியும் இருக்கின்றது. உள்ளே உயிராய் நிற்கும் சக்தியின் பெயர் அதில் இல்லை.